ஜன்னலோரம் ஒரு தட்டு: மெனு படத்தின் கதை

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு நாம பேசப்போறது சாப்பாட்டைப் பற்றி. ஆனா ருசியைப் பற்றியோ சமையல் குறிப்பைப் பற்றியோ இல்லை, சாப்பாட்டை எடுக்கிற படத்தைப் பற்றி. குறிப்பா, பத்துப் பதினைந்து மேசை மட்டும் இருக்கிற ஒரு சின்ன ஹோட்டல், கையில பெரிசா காசு இல்லாம, தன்னோட சாப்பாட்டை எப்படிப் படமாகக் காட்டுவது? கேட்க ரொம்ப இன்றைய கேள்வி மாதிரி இருக்கும். இதுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட நூற்றெண்பது வருஷக் கதை இருக்கு.

நம்ம ஊர் ஹோட்டல்களில் ரொம்ப காலம் மெனு என்பது ஒரு குரல்தான். உட்கார்ந்ததும் சர்வர் வந்து நிற்பார். "இட்லி, பொங்கல், பூரி, வடை, தோசைல சாதா, ரவா, மசாலா, ஆனியன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். இல்லாவிட்டால் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை, அதில் சாக்பீஸில் இன்றைய ஸ்பெஷல். படம் எதுக்கு? பக்கத்து மேசையில் ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அதைக் காட்டி "அது ஒண்ணு குடுங்க" என்றால் முடிந்தது.

அசைவ ஹோட்டல் போர்டுகளை நினைச்சுப் பாருங்க. ஓவியர் கையால் வரைந்த ஆடு, சேவல், நண்டு, மீன் இருக்கும். சமைத்த பண்டம் அதில் இருக்காது. உள்ளே எது கிடைக்கும் என்று அந்த போர்டு சொல்லும், தட்டில் எப்படி வரும் என்று சொல்லாது. அதனால அந்தப் படத்தை வைத்து யாரும் சண்டைக்கு வர முடியாது.

தட்டையே படமாக எடுத்துப் போடும்போதுதான் சிக்கல் வருது. அந்த நிமிஷத்தில் படம் ஒரு வாக்குறுதி ஆகிவிடுகிறது. இந்த எபிசோட் முழுக்க நான் அந்த வாக்குறுதியைத்தான் பின்தொடரப் போறேன். அதை யார் காப்பாத்தினாங்க, யார் மீறினாங்க, அதுக்கு என்ன விலை?

வெயிலில் தொடங்கிய கதை

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்று ஒருவர். காகிதத்தில் நெகட்டிவ் எடுத்து, அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம் என்ற முறையைக் கண்டுபிடித்தவர். 1844 முதல் 1846 வரை 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' என்ற புத்தகத்தைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். நிஜப் புகைப்படங்களை ஒட்டி விற்பனைக்கு வந்த முதல் புத்தகங்களில் ஒன்று. அதில் மொத்தம் 24 படங்கள். கடைசிப் படம் என்ன தெரியுமா? இரண்டு கூடைகளில் பழங்கள், கூடவே ஒரு அன்னாசி.

ஏன் பழம் என்று கேட்டால், பழம் ஆடாது, அசையாது. அந்தக் காலத்துக் காகிதத்துக்கு ஒளியை உணரும் திறன் மிகக் குறைவு. லென்ஸைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மனுஷன் அதுக்குள்ள தும்மிடுவான், அன்னாசி தும்மாது.

டால்பட்டுக்கு மின்விளக்கு கிடையாது. வெயில்தான் அவருடைய விளக்கு. படம் எடுக்கவும் வெயில், பிரதி போடவும் வெயில். ரெடிங் என்ற ஊரில் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. நெகட்டிவையும் காகிதத்தையும் சட்டத்தில் பூட்டி, வரிசையாக வெளியே வெயிலில் காய வைப்பார்கள், நாம வடகம் காய வைக்கிற மாதிரி.

சாப்பிடும் பொருளின் படம் இப்படி இலவச வெளிச்சத்தில்தான் தொடங்கியது. இதை ஞாபகத்துல வச்சுக்குங்க, கடைசியில் இங்கேதான் திரும்பி வரப்போறோம்.

மெழுகில் வார்த்த ஆம்லெட்

அடுத்தது ஜப்பான். டால்பட்டுக்குப் பிறகு ரொம்ப காலத்துக்குப் புகைப்படம் கறுப்பு வெள்ளைதான். சாப்பாட்டைக் கறுப்பு வெள்ளையில் காட்டி ஆசை மூட்டுவது கஷ்டம். ரசமும் காபியும் ஒரே மாதிரி தெரியும். அப்போ ஒரு ஹோட்டல் தன் பண்டத்தை வாசலிலேயே காட்ட என்ன செய்யும்? ஜப்பான்காரர்கள் புகைப்படத்தை விட்டுவிட்டு மெழுகைக் கையில் எடுத்தார்கள்.

1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவைப் பெரிய நிலநடுக்கம் தாக்கியது, கான்டோ நிலநடுக்கம். அதன் பிறகு ஷிரோகியா என்ற பல்பொருள் அங்காடி தன் உணவகத்தை மறுபடியும் திறந்தபோது, பண்டங்களின் மெழுகு மாதிரிகளைக் கண்ணாடிக்குள் வைத்தது. பல்பொருள் அங்காடி உணவகம் என்றால் கூட்டம் அலைமோதும். மேற்கத்திய பண்டங்கள் பலருக்குப் பெயர் தெரிந்தாலும் உருவம் தெரியாது. ஒவ்வொருத்தருக்கும் விளக்கிக்கொண்டிருந்தால் வரிசை நகராது. கண்ணாடியைப் பார்த்தோமா, பிடித்ததைத் தேர்ந்தெடுத்தோமா, டிக்கெட் வாங்கினோமா, உள்ளே போனோமா என்று வேலை முடிந்துவிடும்.

இதைத் தொழிலாகவே மாற்றியவர் இவாசாகி டகிசோ. கிஃபு மாகாணத்தில் குஜோ ஹாச்சிமான் என்ற மலையூரில் 1895இல் பிறந்தவர். 1932இல் ஒசாகாவில் உணவு மாதிரி செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவர் செய்த முதல் மாதிரி ஒரு ஆம்லெட். மனைவி போட்ட நிஜ ஆம்லெட்டிலிருந்து அச்செடுத்து மெழுகில் வார்த்தார். எது நிஜம் எது மெழுகு என்று அந்த அம்மாவுக்கே தெரியவில்லை என்று கதை சொல்வார்கள். பிறகு மெழுகின் இடத்துக்கு பிளாஸ்டிக் வந்தது. இன்றைக்கும் அந்தச் சின்ன ஊர் இந்தத் தொழிலுக்குப் பெயர் போனது.

இந்தத் தொழிலில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒண்ணு இருக்கு. முறையாகச் செய்யும்போது, ஹோட்டல் தன் பண்டத்தையே பட்டறைக்குக் கொடுக்கும். அதிலிருந்துதான் அச்செடுப்பார்கள். பக்கத்துக் கடை நூடுல்ஸில் மூன்று துண்டு இறைச்சி, உங்கள் கடையில் இரண்டு என்றால், உங்கள் மாதிரியிலும் இரண்டுதான் இருக்கும். பொருள் மெழுகு, ஆனால் எண்ணிக்கை நிஜம். ஜப்பானிய மொழி ஒரு வார்த்தை தெரியாதவர்கூட கடைக்காரரை வாசலுக்குக் கூப்பிட்டு, கண்ணாடியைக் காட்டி "இது" என்று விரல் நீட்டினால் போதும். அதேதான் மேசைக்கு வரும்.

விளக்கின் சூடும் கோலிக்குண்டும்

இதே காலத்தில் அமெரிக்காவில் வண்ணப்படம் வந்துவிட்டது. ஹங்கேரியில் பிறந்து நியூயார்க்கில் ஸ்டுடியோ வைத்திருந்த நிக்கோலஸ் முரே, மெக்கால்ஸ் போன்ற பெண்கள் பத்திரிகைகளுக்கு வண்ணத்தில் சாப்பாட்டுப் படங்கள் எடுத்தார். அவர் கையாண்ட முறைக்கு கார்ப்ரோ என்று பெயர். ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஃபில்டர் வழியாக மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவாக எடுக்கணும். பிறகு மூன்று நிறமி அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு மயிரிழை விலகாமல் படிய வைக்கணும். ஒரே ஒரு பிரிண்டுக்கு மணிக்கணக்கில் வேலை. எந்தச் சின்ன ஹோட்டலால் இதுக்குக் காசு கொடுக்க முடியும்? பெரிய பத்திரிகையும் பெரிய உணவுக் கம்பெனியும்தான் கொடுத்தார்கள்.

1935இல் கோடாக்ரோம் வந்தது, அடுத்த ஆண்டே சாதாரண ஸ்டில் கேமராவுக்கும் கிடைத்தது. வேலை எளிதானது. ஆனால் அந்த ஃபிலிமின் ஒளி உணர்திறன் இன்றைய கணக்கில் பத்து அளவில்தான் இருந்தது. இன்றைக்கு நம்ம போன் வீட்டுக்குள் எடுக்கும்போது சர்வசாதாரணமாக நானூறு, எண்ணூறு என்று போகிறது. அப்போ ஸ்டுடியோவில் எவ்வளவு வெளிச்சம் வேண்டியிருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. பெரிய பெரிய டங்ஸ்டன் விளக்குகள் எரிந்தன. அவை தந்தது வெளிச்சம் மட்டும் இல்லை, அடுப்பு மாதிரி சூடும்தான்.

சாப்பாட்டுப் படத்தில் பொய் புகுந்ததற்கு அந்தச் சூடு ஒரு முக்கியக் காரணம். ஐஸ்கிரீம் இரண்டு நிமிஷத்தில் உருகிடும், அதனால் மசித்த உருளைக்கிழங்கை உருண்டை பிடித்து வைத்தார்கள். பாலில் போட்ட சீரியல் ஊறிப்போகும், அதனால் பாலுக்குப் பதில் வெள்ளைப் பசை ஊற்றினார்கள். பான்கேக் மேல் ஊற்றின சிரப்பை அது உறிஞ்சிவிடும், அதனால் மோட்டார் ஆயில். கண்ணாடி டம்ளரில் அக்ரிலிக் ஐஸ்கட்டி. முதலில் வேறு வழியில்லாமல் செய்தது, பிறகு அதுவே கைத்திறமை ஆனது.

விஷயம் வெடித்தது 1960களின் கடைசியில். கேம்ப்பெல் சூப் கம்பெனியின் விளம்பரம். காய்கறி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினால் காய்த்துண்டுகள் கனமாகக் கீழே போய்த் தங்கிவிடும், மேலே சாறு மட்டும் தெரியும். விளம்பரம் எடுத்தவர்கள் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் பரப்பி அதன்மேல் சூப்பை ஊற்றினார்கள். காய்கறி எல்லாம் மேலே வந்து நின்றது. பார்த்தால் சூப் முழுக்கக் காய் மாதிரி இருந்தது.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இதைக் கையில் எடுத்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து, இன்னும் கடுமையான நடவடிக்கை வேண்டும் என்று உள்ளே நுழைந்தார்கள். அவங்க குழுவின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'சூப்' என்றே வரும். 1970இல் இனி இப்படிச் செய்வதில்லை என்று கம்பெனி ஒப்புக்கொள்ளும் உத்தரவோடு வழக்கு முடிந்தது.

நல்லா கவனியுங்க. கிண்ணத்தில் இருந்த காய்கறி நிஜமானது, சாறும் நிஜம். வெளியிலிருந்து ஒரு பீன்ஸ்கூடச் சேர்க்கவில்லை. ஆனாலும் அது ஏமாற்று என்று முடிவானது, ஏன்னா பார்க்கிறவர் மனசில் இல்லாத அளவு ஒன்று பதிந்தது. பொருள் நிஜமாக இருந்தால் மட்டும் போதாது, அளவும் நிஜமாக இருக்கணும். ஜப்பானிய மெழுகு ஆம்லெட்டும் அமெரிக்க நிஜ சூப்பும் இங்கேதான் பிரிகிறது.

நம்ம ஊருக்கு வண்ணப்படம் வந்த வழி

இந்தப் பக்கம் தமிழ்நாட்டுச் சின்ன ஹோட்டல்காரருக்கு இதெல்லாம் எட்டாத உயரம். சிவகாசியில் ஆஃப்செட் மெஷின்கள் ராத்திரி பகலாக ஓடின, காலண்டரில் சாமி படம் பளபளன்னு வந்தது. ஆனா ஒரு மெஸ் தன் மெனுவை வண்ணத்தில் அச்சடிக்கணும்னா, போட்டோகிராபர், ஃபிலிம், லேப், கலர் செபரேஷன், பிளேட், குறைந்தபட்சம் சில ஆயிரம் பிரதி என்று செலவு அடுக்கிக்கொண்டே போகும். ஐம்பது மெனு கார்டு போதும் என்கிறவருக்கு இது கட்டுப்படி ஆகாது.

அப்படியே எடுத்தாலும் இன்னொரு தொல்லை. கடைகளில் கிடைத்த ஃபிலிம் பகல் வெளிச்சத்துக்காகச் செய்தது. ஹோட்டலுக்குள் எரிவது டியூப்லைட். பிரிண்ட் போட்டுப் பார்த்தால் சாதம் பச்சை பூத்துக் கிடக்கும். குண்டு பல்பு என்றால் இட்லி மஞ்சள் காமாலை வந்த மாதிரி. 'நம்ம சாப்பாடு படத்துல எடுபடாது' என்று பலர் விட்டுவிட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்.

2000க்குப் பிறகு டிஜிட்டல் ஃப்ளெக்ஸ் பரவியது. ஒரே ஒரு போர்டு வேண்டுமானாலும் வண்ணத்தில் அடிக்கலாம், பிளேட் செலவு இல்லை. போர்டு வரையும் ஓவியர்கள் பலர் வேலை இழந்தார்கள். ஆடும் சேவலும் போய், தட்டும் பண்டமும் வந்தன. அந்தத் தட்டு யாருடைய தட்டு? ஃப்ளெக்ஸ் கடையின் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்த தட்டு. ஒரே பட்டர் சிக்கன் படம் ஓசூரிலும் இருக்கும், ஒட்டன்சத்திரத்திலும் இருக்கும்.

அடுத்து செயலிகள். 2008இல் ஃபுடீபே என்ற பெயரில், ஹோட்டல்களின் மெனு கார்டை ஸ்கேன் செய்து இணையத்தில் போடும் வேலையாகத் தொடங்கியதுதான் பிறகு சொமேட்டோ ஆனது. 2014இல் பெங்களூரில் ஸ்விகி தொடங்கியது. வாசலில் இருந்த படம் வாடிக்கையாளரின் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. இப்போ பக்கத்து மேசை இல்லை, சர்வர் குரல் இல்லை, அடுக்களை வாசனை இல்லை. படமும் விலையும் மட்டும்தான். படம் இல்லாத பண்டத்தைக் கட்டைவிரல் தாண்டிப் போய்விடுகிறது.

இந்த அவசரத்தில் நடக்கிற ஒரு நஷ்டம் பலர் கண்ணில் படுவதில்லை. திண்டுக்கல் பக்கத்து பிரியாணிக் கடை, சீரகச் சம்பாவில் செய்கிறது. பொடி அரிசி, அதற்கென்று ஒரு மணம். ஆனால் மெனுவில் இருக்கிற படம் நீள நீளமான பாஸ்மதி, மேலே குங்குமப்பூ நிறம். வெளியூர்க்காரர் படத்தைப் பார்த்து வாங்கிப் பிரித்தால் "என்னய்யா, ரேஷன் அரிசில போட்டுருக்கான்" என்கிறார். தன் ஊரின் நல்ல அரிசியைப் போட்ட கடைக்காரர் ஏமாற்றுக்காரர் ஆகிவிடுகிறார். கும்பகோணம் கடப்பாவுக்கு வடநாட்டு தால் படம், திருநெல்வேலி சொதிக்கு ஏதோ ஒரு தாய்லாந்து கறி படம். இரவல் படம் அடுத்த ஊர் சாப்பாட்டை வாக்குறுதி கொடுத்துவிடுகிறது. அதைக் காப்பாற்ற வேண்டியவர் இந்த ஊர்க்காரர்.

பெரிய கடைகளையும் விடாத கேள்வி

சின்னவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்காதீங்க. 2012இல் மெக்டொனால்ட்ஸின் கனடா பிரிவு ஒரு வீடியோ வெளியிட்டது. விளம்பரத்தில் இருக்கிற பர்கர் ஏன் கடையில் அப்படி இல்லை என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்குப் பதில். கடையில் ஒரு நிமிஷத்தில் கட்டித் தருகிற பர்கரை, ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் அடுக்குகிறார்கள். பொருட்கள் அதேதான், ஆனா ஊறுகாய்த் துண்டும் வெங்காயமும் கேமரா பக்கம் ஓரத்துக்கு இழுத்து வைக்கப்படுகின்றன. உள்ளே என்னென்ன இருக்கு என்று தெரியணுமாம். அதற்கு மேல் கம்ப்யூட்டரில் திருத்தமும் உண்டு.

2022இல் பர்கர் கிங் மேல் ஃப்ளோரிடாவில் வழக்கு. படத்தில் இருக்கிற வொப்பர் நிஜத்தைவிட முப்பத்தைந்து சதவீதம் பெரிசாகத் தெரிகிறது என்பது புகார். 2023 ஆகஸ்டில் நீதிபதி, டிவி விளம்பரத்தையும் இணைய விளம்பரத்தையும் வைத்த வாதங்களைத் தள்ளிவிட்டார். ஆனால் கடைக்குள் இருக்கிற மெனு போர்டு படத்தை வைத்த, ஒப்பந்த மீறல் என்ற வாதத்தைத் தொடர அனுமதித்தார். அடுத்த மாதமே நியூயார்க்கில் மெக்டொனால்ட்ஸ், வெண்டீஸ் மேல் போட்ட இதே மாதிரி வழக்கை இன்னொரு நீதிபதி தள்ளுபடி செய்தார். சட்டம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனா அந்த முதல் நீதிபதி பிரித்துப் பார்த்த விதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டிவியில் வருவது ஆசை காட்டல். கல்லாவுக்கு மேலே விலையோடு தொங்குகிற படம் கிட்டத்தட்ட ஒரு பேரம்.

ஜன்னலோரம் ஒரு மெஸ்

போன வருஷம் எங்க பகுதியில் ஒரு சின்ன மெஸ்ஸுக்கு மெனு படம் எடுக்கக் கூடவே இருந்தேன். கணவன் மனைவி இரண்டு பேர் நடத்துகிற கடை. பட்ஜெட் என்று கேட்டதுக்கு அந்த அக்கா சிரிச்சாங்க. கடைசியில் ரெண்டு வெள்ளை சார்ட் பேப்பர், ஒரு தெர்மாகோல் அட்டை, ஒரு கறுப்புத் துணி, அவங்க மகனுடைய போன். இதுதான் மொத்த ஸ்டுடியோ. அன்னைக்கு நாங்க செய்த ஒவ்வொரு வேலையும் இதுவரை சொன்ன கதையிலிருந்து வந்ததுதான், அதனால அந்தக் கதையோட சேர்த்தே சொல்றேன்.

முதல் வேலை டியூப்லைட்டை அணைத்தது. ஃபிலிம் காலத்துப் பச்சை நோய் இன்னும் போகவில்லை. ஒரு வகை வெளிச்சம் மட்டும் இருந்தால் போன் தானாக நிறத்தைச் சரிசெய்துவிடும். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் அதுக்கும் குழப்பம், தட்டின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வேற நிறம். ஃபிளாஷ் பக்கமே போகலை. குழம்பு எண்ணெயில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும்.

அடுத்தது டால்பட் வழி. நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கத்தில் ஒரு மேசை. வெளிச்சம் தட்டின் பக்கவாட்டிலிருந்து, இன்னும் சொன்னால் கொஞ்சம் பின்னாலிருந்து வரணும். அப்போதான் பூரியின் உப்பல் தெரியும், வத்தக்குழம்பின் மேல் மிதக்கிற எண்ணெய் மினுங்கும். முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும், கருத்த குழம்பு ஒரு கறுப்பு வட்டம் ஆகிடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாகோலை நிறுத்தினோம், நிழல் இளகியது. ஜன்னலில் கண் கூசினால் சார்ட் பேப்பரை ஒட்டி வெளிச்சத்தை வடிகட்டினோம்.

எவர்சில்வர் தட்டு பெரிய வில்லன். போன், எடுக்கிற ஆளின் சட்டை, மேலே சுத்துற ஃபேன் எல்லாம் அதில் தெரியும். சாப்பாட்டுக்கும் டிபனுக்கும் வாழையிலையை விரித்தோம், அவங்க வழக்கமாகப் பரிமாறுவதும் இலையில்தான். கிண்ணங்களுக்கு மட்டும் கறுப்புத் துணியைப் பக்கத்தில் பிடித்து அந்தப் பிம்பத்தை மறைத்தோம். தோசையும் முழுச் சாப்பாடும் பரந்து கிடப்பவை, அதனால் நேர் மேலிருந்து எடுத்தோம். பூரி, அடுக்கின வடை மாதிரி உயரம் உள்ளதை, மேசையில் உட்கார்ந்த ஆள் பார்க்கிற சாய்வில் எடுத்தோம். போனைத் தட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனால் முன் ஓரம் வீங்கித் தெரியும், அதனால் ஓரடி பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூம் வைத்தோம்.

பழைய ஸ்டுடியோக்காரர்களின் ஒரு நல்ல பழக்கத்தையும் எடுத்துக்கொண்டோம். அவங்க முதலில் ஒரு டம்மித் தட்டை வைத்து வெளிச்சம், கோணம் எல்லாவற்றையும் சரிசெய்வார்கள். எல்லாம் தயாரான பிறகுதான் நிஜத் தட்டு வரும். நாங்க காலையில் ஆறிப்போன தோசையை வைத்து அரை மணி நேரம் சரிபார்த்தோம். பிறகு அக்கா கல்லிலிருந்து எடுத்த தோசை நேராக இலைக்கு வந்தது. முறுகல் போறதுக்குள்ள ஏழெட்டுப் படம் எடுத்துட்டோம். ஆவிகூடக் கறுப்புத் துணி பின்னணியில் லேசாக விழுந்தது. எதையும் பூசவில்லை, பசை ஊற்றவில்லை. விளக்கின் சூடு இல்லாதபோது அந்தப் பொய்களுக்கு அவசியமே இல்லை.

மட்டன் சுக்கா வந்தபோதுதான் நிஜமான விவாதம். கடையில் ஒரு பிளேட்டுக்கு ஐந்து துண்டு. கிண்ணத்தில் பார்க்கக் கொஞ்சம் காலியாகத் தெரிந்தது. மகன் இன்னும் மூன்று துண்டைப் போடச் சொன்னான். அக்கா தடுத்துட்டாங்க.

"வேணாம்டா. படத்துல எட்டு வச்சா, நாளைக்கு வர்ற எல்லாரும் எட்டு கேப்பாங்க. தம்பி, நீங்களே சொல்லுங்க, ஒருத்தர் போனை நீட்டி இதே மாதிரி குடுங்கன்னா, நான் குடுக்க முடியணும்ல?"

"அப்ப கிண்ணத்தை மாத்திருவோம்க்கா. சின்னக் கிண்ணத்துல வச்சா நிறைஞ்சு தெரியும்."

"அந்தக் கிண்ணத்துலதான் குடுப்பேனா? அப்படின்னா சரி. குடுக்கிறதும் அதுலயே குடுக்கிறேன்."

அன்றிலிருந்து அந்தக் கடையில் மட்டன் சுக்கா சின்னக் கிண்ணத்தில்தான் வருகிறது. கோலிக்குண்டு வழக்கில் ஆணையமும் வக்கீல்களும் தாள் தாளாக எழுதித் தேடிய எல்லைக்கோட்டை அந்த அக்கா இரண்டு வாக்கியத்தில் போட்டுட்டாங்க. துண்டைத் திருப்பி வைக்கலாம், ஓரம் துடைக்கலாம், கறிவேப்பிலையைத் தெரிகிற மாதிரி வைக்கலாம். ஆனா படத்தை நீட்டுகிறவருக்கு அதையே பரிமாற முடியணும்.

பதினான்கு பண்டம், காலை பத்திலிருந்து மதியக் கூட்டம் வரும்வரை. செலவு நூறு ரூபாய்க்குள். எடுத்து முடித்த சாப்பாட்டை எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம், மோட்டார் ஆயில் போட்டிருந்தால் அது நடந்திருக்காது.

இனி வரும் பொய்

கடைசியாக ஒண்ணு. விளக்குச் சூடு தந்த பொய் போய், இப்போ சூடே இல்லாத பொய் வந்திருக்கு. 'மட்டன் பிரியாணி' என்று தட்டினால் செயற்கை நுண்ணறிவு ஒரு படத்தை வரைந்து தரும். செலவே இல்லை. ஆனால் அந்த பிரியாணியை உலகத்தில் யாரும் சமைக்கவில்லை. 2024 ஆகஸ்டில், இப்படிப்பட்ட படங்களை மெனுவிலிருந்து நீக்கப்போவதாக சொமேட்டோவின் தலைமை அதிகாரி தீபிந்தர் கோயல் அறிவித்தார். அவை வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் குலைக்கின்றன, புகாரும் பணம் திருப்பிக் கொடுப்பதும் கூடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். நிஜப் படம் வேண்டும் என்கிற ஹோட்டல்களுக்கு அடக்கச் செலவில் எடுத்துத் தர ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார்.

நல்ல விஷயம்தான். ஆனால் இதை முழுக்கச் செயலிகளின் கையில் விட வேண்டாம் என்பேன். உங்க ஊரில் மட்டும் கிடைக்கிற ஒரு பண்டம், அது கறி தோசையோ கடப்பாவோ சீரகச் சம்பா பிரியாணியோ, அதற்கு ஒரு நிஜப் படம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறெங்கோ இருக்கிற சாப்பாடு வந்து உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச காலம் போனால், சாப்பிட வர்றவங்க அந்தப் படத்தை வைத்தே உங்க சாப்பாட்டை அளப்பாங்க. பொடி அரிசி தப்பு, நீள அரிசி சரி என்று ஆகிடும். பிறகு கடைக்காரரும் அரிசியை மாத்திடுவார். அப்படி ஒரு படத்தால் ஒரு ஊரின் ருசியே போகக்கூடும்.

தெரிஞ்ச ஒரு சின்ன ஹோட்டல், மெஸ், கையேந்தி பவன் உங்களுக்கு இருந்தா, ஒரு காலைப் பொழுதை அவங்களுக்குக் கொடுங்க. ஜன்னல் இருந்தா போதும், ஜன்னல் இல்லாட்டி வாசல். ஒரு தெர்மாகோல் அட்டையைக் கையில் எடுத்துட்டுப் போங்க. எடுத்த படத்தை மெனுவில் போடுறதுக்கு முன்னாடி சமைச்சவங்ககிட்ட காட்டி, "இதையே குடுப்பீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க.